‘அம்மா, லிஃப்ட்ல தமிழ் வேணாம்’

கேள்வி:

மதுரைப் பக்கம் எங்களுக்கு. பையனுக்கு ரெண்டு வயசா இருக்கும்போது அவர் வேலைக்காகப் பெங்களூரு வந்தோம், ஒன்பது வருஷம் ஆச்சு. வொய்ட்ஃபீல்டு தாண்டி ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கோம். பையன் இப்போ ஆறாவது. போன மாசம் லிஃப்ட்ல எங்கம்மாகூட போன்ல பேசிக்கிட்டே இறங்கிட்டிருந்தேன். நாலாவது மாடியில ரெண்டு பேர் ஏறினாங்க. வழக்கம்போல குரலைக் குறைச்சுக்கிட்டேன். அப்பவும் இவன் என் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்து, ‘அம்மா, லிஃப்ட்ல தமிழ் வேணாம்’னு காதுல சொன்னான். அதையும் இங்கிலீஷ்லதான் சொன்னான்.

அப்புறம் யோசிச்சா ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. தீபாவளிக்கு வந்திருந்த எங்கப்பா, வேட்டியோட ஸ்கூல் பஸ் நிக்கிற இடத்துக்குப் போய் ‘ஏ ராசா’ன்னு சத்தமா கூப்பிட்டிருக்கார். இவன் யாரோ மாதிரி தாண்டிப் போயிட்டான். வீட்டுக்கு வந்து ‘கவனிக்கலை தாத்தா’ன்னுட்டான். ஸ்கூல்ல வீட்டு மொழி என்னன்னு கேட்டதுக்கு இங்கிலீஷ்னு எழுதிக் கொடுத்திருக்கான். பஸ்ல ரெண்டு பசங்க இவனை ‘கொங்கா’ன்னு, அதாவது தமிழங்களை இங்க மட்டமா சொல்ற பேர், கூப்பிடுறாங்களாம், பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் தெரியும்.

2024 மார்ச்ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ அசோசியேஷன் மீட்டிங்ல ஒருத்தர் எங்களைப் பார்த்து, ‘அங்கயும் எங்க தண்ணி, இங்கயும் எங்க தண்ணியா?’ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். இவன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரருக்கு ரொம்பக் கோபம். டொம்லூர் கோயில்லயே தமிழ்க் கல்வெட்டு இருக்கு, தலை நிமிர்ந்து பேசுடான்னு பையனுக்குப் பாடம் எடுக்கிறார். சென்னைக்கு மாற்றல் கேட்கலாமான்னும் யோசிக்கிறார். எனக்கு என்னவோ இந்த ஊர்க்காரங்க எல்லாருமே உள்ளுக்குள்ள இப்படித்தான்னு தோணுது. எங்க வீட்டுல வேலை செய்யுற ராய்ச்சூர் அம்மா ஒருத்தங்கதான் விதிவிலக்கு. பையனுக்கு டைபாய்டு வந்தப்போ பத்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கிட்டாங்க.

என் பையனுக்குத் தாய்மொழி மேல வெறுப்பு வந்துடுச்சா? நாங்க இந்த ஊரை விட்டுப் போறதுதான் சரியா? பொங்கலுக்கு அப்பா மறுபடியும் வர்றார், அதை நினைச்சாலே பயமா இருக்கு.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பையன்தான் கண்ணில் பட்டான். இரண்டாவது முறை நீங்கள். ‘வழக்கம்போல குரலைக் குறைச்சுக்கிட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்காமல் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ‘வழக்கம்போல’வைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வெறுப்பா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. வெறுப்பாக இருந்தால் வீட்டுக்குள்ளும் இருக்கும். ‘கவனிக்கலை தாத்தா’ என்று அவன் பொய் சொன்னதே தமிழில்தானே? வாசல் கதவுக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று கோடு போட்டு வைத்திருக்கிறான். இப்படிக் கோடு போட வைப்பது பயம். பயத்தை எங்காவது பார்த்துத்தான் படித்திருக்க வேண்டும்.

எங்கள் உளவியல் துறையில் பழைய சோதனை ஒன்று உண்டு. ஒரு பெரிய கண்ணாடி மேசை. பாதி தூரம் வரை கண்ணாடியை ஒட்டிக் கீழே கட்டம் போட்ட துணி இருக்கும். அதன் பிறகு அந்தத் துணி சற்றுத் தாழ்ந்துவிடும். மேலே தவழும் குழந்தைக்கு அங்கே பள்ளம் மாதிரி தெரியும், ஆனால் விழ வழியில்லை. 1985-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய குழுவினரும் ஒரு வயதுக் குழந்தைகளை இதில் தவழவிட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிறுத்தினார்கள். அம்மா வாய் திறக்கக் கூடாது, முகத்தை மட்டும் காட்ட வேண்டும். பள்ளத்தை ரொம்ப ஆழமாகவும் வைக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று குழந்தைக்குச் சந்தேகம் வரும் அளவுக்குத்தான். அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தாண்டி வந்துவிட்டன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

லிஃப்டில் நான்காவது மாடியில் கதவு திறந்தபோது உங்கள் பையன் அந்த இரண்டு பேரைப் பார்த்துப் பயந்தான் என்று நினைக்கிறீர்களா? அவர்கள் யார், கன்னடக்காரர்களா, தெலுங்குக்காரர்களா, ஒடிசாக்காரர்களா, ஒன்றும் தெரியாது. அவர்கள் தமிழர்களாகவேகூட இருந்திருக்கலாம். அவன் காதில் விழுந்தது உங்கள் குரல் இறங்கியது மட்டும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அது இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவன், இந்த முறை உங்களுக்கு ஒத்தாசை செய்ய நினைத்திருக்கிறான். அவ்வளவுதான். துப்பட்டாவை இழுத்ததில் வெட்கத்தைவிட அக்கறைதான் எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்கும் தெரியும்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அல்சூர் ஏரிக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் வீடு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு, தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. என்று அரசிதழில் வெளியாகி ஊர் பற்றி எரிந்தபோது நான் ஆறாவது படித்தேன். உங்கள் பையன் வயது. அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “வெளிய யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காத. என்னைக் கூப்பிடணும்னா மட்டும் அம்மான்னு கூப்பிடு. அது ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதான்.”

எதிர்வீட்டில் ஒரு கன்னட அஜ்ஜி, அதாவது பாட்டி, இருந்தார். அவரைக்காய் சீசன் அது. அன்று காலை ஒரு முறம் நிறைய அவரைக்காயை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். சந்துக்குள் ஆட்கள் சத்தத்தோடு வருவதும் போவதுமாக இருந்தார்கள். அஜ்ஜி தலை நிமிரவில்லை. யாரோ ஏதோ கேட்டதற்கு மட்டும் கன்னடத்தில் நாலு வார்த்தை எரிந்து விழுந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். உரித்த பயறை எங்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே கொட்டினார். அந்தப் பச்சை வாசனை வீடு முழுக்க இருந்தது. ஏன் வந்து உட்கார்ந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கலவரம் அடங்கிவிட்டது. நான் பி.யு.சி. (இங்கே பிளஸ் டூவுக்குப் பெயர்) முடிக்கும் வரை பஸ்ஸில் தமிழ் பேசியதில்லை. காரணம் ரொம்பச் சின்னது. ‘வாயைத் திறக்காத’ என்று சொன்ன அம்மா, ‘சரி, இனிமே பேசலாம்’ என்று சொல்ல மறந்துவிட்டார். பெரியவர்கள் ஆபத்து வருவதைப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அது போய்விட்டதைச் சொல்வதில்லை. அதே 1991-ல் அல்சூர் ஏரிக்கரையில் திறப்பதற்காக வைத்த திருவள்ளுவர் சிலை, 18 வருடம் மூடியே நின்று, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. காலேஜுக்குப் போகும் நாட்களில் அந்த மூடின சிலையைத் தாண்டித்தான் நடப்பேன். வள்ளுவரை நான் முந்திக்கொண்டேன், ஆனால் ரொம்ப முன்னால் இல்லை.

அதனால் உங்கள் பையனுக்கு முதலில் தேவைப்படுவது தேதி. 2016 செப்டம்பர் 12 மாதிரி ஒரு நாள் வந்தால், பஸ்கள் எரிந்து ஊரின் சில பகுதிகளில் ஊரடங்கு போட்ட நாள் அது, அன்றைக்கு வெளியே தமிழ் பேசாமல் இருப்பது புத்திசாலித்தனம். அதை அவனிடம் அப்படியே சொல்லலாம். ‘இன்னிக்கும் நாளைக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்போம்.’ அடங்கிய பிறகு, ‘இனிமே பரவாயில்லை’ என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிஃப்டில் போகும்போது ஜாக்கிரதைக்கு வேலையே இல்லை.

இனி அந்த ‘எல்லாருமே உள்ளுக்குள்ள இப்படித்தான்’. இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஓர் உளவியலாளர். போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியர்களிடம் கைதியானார். யூதர் என்பதை ஒப்புக்கொண்டவர், போலந்துக்காரர் என்பதை மட்டும் கடைசி வரை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே நடித்து உயிர் பிழைத்தார். திரும்பி வந்து பார்த்தால் குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை. எந்த மொழி, எந்த ஊர் என்பதற்காக மனிதன் மனிதனை இப்படிப் பிரிப்பது ஏன் என்று வாழ்க்கை முழுக்கத் தேடியவர்.

1970-ல் அவர் வெளியிட்ட சோதனை ரொம்ப எளிமையானது, அதனாலேயே கசப்பானது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்கள், 14, 15 வயது, ஏற்கெனவே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். பால் க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். உனக்கு அவர் படம் பிடித்திருக்கிறது, நீ அந்தக் குழு என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். யார் எந்தக் குழு என்பதும் மற்றவர்களுக்குத் தெரியாது. பிறகு புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள், புள்ளிக்குக் காசு உண்டு. தன் குழு ஆளுக்கு 19, அடுத்த குழு ஆளுக்கு 25 என்று கொடுக்கலாம். அல்லது 7, 1 என்று கொடுக்கலாம். நம் ஆளுக்கு நல்லது நினைப்பவன் 19 அல்லவா கொடுக்க வேண்டும்? நிறையப் பேர் 7 பக்கம் சாய்ந்தார்கள். நம்மவனுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனுக்கு அதைவிடக் குறைய வேண்டும். இத்தனைக்கும் பிரித்தது இரண்டு ஓவியர்களின் பெயரைச் சொல்லித்தான்.

ஒரு மத்தியானத்துக்குள் இது நடந்துவிடும் என்றால், நூறு வருடத்துக்கு மேலான நதிநீர் வழக்கை வைத்துக்கொண்டு என்னதான் நடக்காது? உங்களைப் பார்த்து ‘எங்க தண்ணியா’ என்று கேட்ட மனிதர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் பக்கத்தையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தன் மாநிலத் தலைநகரத்தில், தான் வாங்கிய அபார்ட்மென்ட்டில், அசோசியேஷன் மீட்டிங்கில் தன் மொழி காதில் விழாத ஒருவருக்குள் ஒரு புகைச்சல் இருக்கும். அதை அவர் உங்கள் மேல் இறக்கியது தப்புதான். அந்தப் புகைச்சல் இருப்பதே தப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? திருப்பூரிலோ சென்னையிலோ பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன் பஸ்ஸில் போன் பேசினால் திரும்பிப் பார்க்கிற கண்களை நான் பார்த்திருக்கிறேன். ‘வடக்கன்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்தப் பையனும் குரலைக் குறைத்துக்கொள்கிறான். ‘கொங்கா’வுக்கும் ‘வடக்கன்’னுக்கும் ஒரே அம்மி, ஒரே குழவிதான்.

உங்கள் கடிதத்திலேயே இன்னொன்று இருக்கிறது. பத்து நாள் உங்கள் பையன் பக்கத்தில் இருந்த ராய்ச்சூர் அம்மாவை ‘விதிவிலக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்டில் ஏறிய முகம் தெரியாத இரண்டு பேரை ‘எல்லாரும்’ கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அடுத்த குழுவில் நல்லவர் ஒருவர் வந்தால் அவரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை மூட்டை கட்டுவது மனசின் பழைய தந்திரம். எங்கள் சந்தில் அஜ்ஜியையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். அவருடைய மருமகள், அவர் வீட்டுப் பால்காரர், என் கணக்கு டீச்சர், பிரசவத்தில் என் தங்கையைக் காப்பாற்றிய நர்ஸ் என்று விதிவிலக்குகள் சேர்ந்துகொண்டே போன பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

தண்ணீர் என்றதும் எனக்கு முசாஃபர் ஷெரீஃப் ஞாபகம் வருகிறார். துருக்கியில் பிறந்து அமெரிக்கா போன உளவியலாளர். 1954 கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 பையன்களை, எல்லாம் 11 வயதை ஒட்டியவர்கள், இரண்டு முகாமாகத் தங்க வைத்தார். ஈகிள்ஸ், ராட்லர்ஸ் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். போட்டி வைத்ததும் கொடியைக் கொளுத்தினார்கள், ராத்திரியில் அடுத்த அணியின் குடிலில் புகுந்து சூறையாடினார்கள். சேர்த்து உட்கார வைத்துச் சினிமா காட்டினார், சாப்பாடு போட்டார். சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். அதன் பிறகு முகாமின் குடிதண்ணீரை நிறுத்தினார். மலைமேல் தொட்டி, அதன் குழாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது. தாகத்தோடு இரண்டு கூட்டமும் சேர்ந்துதான் கண்டுபிடித்து எடுத்தார்கள். அப்புறம் சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை. முந்தின வாரம் எதிரெதிராக நின்று வடம் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். ஊர் திரும்பும்போது ஒரே பஸ். ராட்லர்ஸ் தங்களிடம் இருந்த பரிசுப் பணம் 5 டாலரில் எல்லோருக்கும் பால் பானம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆலோசகர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், முடிவு இனிப்பாக இருப்பதால். எனக்கு அதற்கு முந்தின வருடத்துக் கதைதான் பிடிக்கும். 1953-ல் நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற ஊரில் ஷெரீஃப் இதே சோதனையை நடத்தித் தோற்றுப்போனார். பொருட்களை ஒளித்து வைத்தும் கொடியை அறுத்தும் சிண்டு முடிந்து பார்த்தார்கள். பையன்கள் அடித்துக்கொள்ளவில்லை. இது உங்கள் ஆட்கள் வேலைதானே என்று பெரியவர்களையே சந்தேகப்பட்டார்கள். அங்கே பையன்களைப் பிரிப்பதற்கு முன் சில நாள் ஒன்றாக விளையாட விட்டிருந்தார்கள். நண்பர்களான பிறகு மூட்டிவிடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

உங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குவது ராபர்ஸ் கேவில் சேர்ந்து சினிமா பார்த்த மாதிரி. அதனால் எதுவும் ஆகாது. தண்ணீர்க் கமிட்டி என்று ஒன்று உங்கள் வளாகத்தில் இருக்கும். டேங்கர் கணக்கு, மழைநீர்த் தொட்டி சுத்தம் என்று யாரும் விரும்பாத வேலை அது. உங்கள் வீட்டுக்காரர் அதில் சேரட்டும். அந்த மனிதரும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை காலையில் மொட்டை மாடியில் மோட்டார் ஓடாமல் இரண்டு பேரும் முழிக்கும்போது பேசிக்கொள்வது, மீட்டிங்கில் பேசியது மாதிரி இருக்காது. பையனையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

டொம்லூர் கல்வெட்டு உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். கன்டோன்மென்ட் வந்த 1809-லிருந்து நம் ஆட்கள் இங்கே இருப்பதும் உண்மை. ஆனால் பஸ்ஸில் இரண்டு பேர் ‘கொங்கா’ என்று கூப்பிடும்போது 11 வயதுப் பையன் எடுத்து வீச முடிந்த பொருளா அது? யார் முதலில் வந்தார்கள் என்ற வழக்கில் குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பையனுக்கு ஏதாவது தகவல் தந்தே ஆக வேண்டுமென்றால் இதைத் தாருங்கள். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிதண்ணீருக்கு. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிற அந்தத் தண்ணீர் இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு என்று வந்தது. அவனும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறான்.

பஸ் விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். முதலில் பையனிடம் பேசுங்கள், விசாரணை மாதிரி இல்லாமல், காரில் போகும்போதோ தோசை ஊற்றும்போதோ. ‘பஸ்ல உன்னை ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களாமே’ என்று ஆரம்பித்தால் போதும். அவன் சொல்வதை முடிக்கும் வரை திட்டோ தீர்ப்போ வேண்டாம். பிறகு கிளாஸ் டீச்சரைப் பாருங்கள். இரண்டு மாநிலச் சண்டையாக அதை எடுத்துப் போகாமல், ஒரு குழந்தையை இரண்டு குழந்தைகள் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். குண்டு என்று கூப்பிட்டிருந்தால் எப்படிப் போவீர்களோ அப்படி. அவன் தூக்கம் கெட்டாலோ, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருந்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இப்போது உங்களுக்கு. ஒன்பது வருடத்தில் உங்களுக்கு எவ்வளவு கன்னடம் வரும் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்து ஊகித்துக்கொள்கிறேன். மன்னிப்பு மாதிரி கற்க வேண்டாம், யாருக்கும் பயந்தும் வேண்டாம். பத்து நாள் உங்கள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ராய்ச்சூரில் எத்தனை பிள்ளைகள், ஏன் ஊரை விட்டு வந்தார், ராத்திரி யாரோடு போனில் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியுமா? அதைக் கேட்கிற அளவுக்குக் கன்னடம் போதும். அவரும் உங்களைப் போலப் பிழைக்க வந்தவர்தான். அவர் பேச்சைக் கேட்டு இந்த ஊர்க் கன்னடக்காரர்கள் சிரிப்பதும் உண்டு, வடகர்நாடகத்துப் பேச்சு வேறு மாதிரி. தினம் கால் மணி நேரம், அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்து, அவரை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குப் பையன் இருக்கிறான். 2015 சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் கன்னடம் உண்டு, அவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும். அம்மாவின் நோட்டில் சிவப்பு மையால் தப்புத் திருத்துகிற சந்தோஷத்தை அவனுக்குக் கொடுங்கள்.

இப்படிச் சொன்னால் என்னிடம் வருகிற சிலர், ‘அப்போ நாமதான் இறங்கிப் போகணுமா?’ என்று கேட்பார்கள். கன்னடம் தெரிந்தவர் லிஃப்டில் தமிழ் பேசும்போது குரல் இறங்குவதில்லை. இதை நான் என் தொண்டையிலேயே பார்த்தவள்.

மாற்றல் பற்றி: சம்பளம், அப்பா அம்மா உடம்பு, வீட்டுக் கடன் என்று வேறு காரணம் இருந்தால் தாராளமாகச் சென்னை போங்கள், நல்ல ஊர். இந்தக் காரணத்துக்காக மட்டும் போகாதீர்கள். ஒளிந்தது சரிதான் என்று பையனிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே போய் அவனே இன்னொருவனை ‘வடக்கன்’ என்று கூப்பிட்டால் அப்போது எந்த ஊருக்கு மாற்றல் கேட்பீர்கள்?

அடுத்த முறை லிஃப்டில் அம்மாவின் போன் வந்தால் எடுங்கள். கதவு திறக்கும்போது சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏறுகிறவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு. முதல் சில தடவை தொண்டை அடைக்கும். பையன் துப்பட்டாவை இழுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போனை வைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு வரும் அப்பாவிடம், பேரன் தெரியாத மாதிரி தாண்டிப் போனான் என்பதைப் பஞ்சாயத்தாக்க வேண்டாம். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தாத்தா பஸ் நிற்கும் இடத்துக்கு வரட்டுமா, கேட்டுக்கு உள்ளே நிற்கட்டுமா என்று பையனையே கேளுங்கள். உள்ளே என்றால் உள்ளேயே நிற்கட்டும், அது அவன் முடிவு. ஆனால் ‘ராசா’வைக் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.